மூன்று, நான்கு வயதுக் குழந்தையோடு வெளியே செல்லுதல்: சில அனுபவங்கள்

மூன்றரை வயது மகளின் தாய்:

பள்ளிக்குச் செல்லும் வயதை இன்னும் எட்டாத குழந்தையை வெளியே அழைத்துச் செல்வதிலும், அதே வயதுடைய இன்னொரு குழந்தையோடு விளையாட விடுவதிலும் நமக்கு நேர்ந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்ளலாம் என்று விரும்புகிறேன். என் மகள் இதுவரை பார்த்த இடங்களில், அவள் மிகுந்த ஈடுபாட்டோடு நின்றது சாலையோரத்தில் மண் தோண்டும் இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பள்ளத்தின் அருகில்தான். வேலிக்கு இப்பால் போதிய தொலைவில் நின்றுகொண்டு, இயந்திரத்தின் கை தாழ்ந்து மண்ணை அள்ளுவதையும், மெல்லத் திரும்பி அதை லாரியில் கொட்டுவதையும் அவள் இமைக்காமல் பார்த்தாள். இயந்திரத்தை இயக்கியவர் அவளைக் கவனித்துவிட்டுக் கையசைத்தார். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே கையசைத்தாள். அன்று நாங்கள் பூங்காவுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்காக நான் சிறிதும் வருந்தவில்லை, ஏனென்றால் மண் எங்கே போகிறது, பள்ளத்தை யார் மூடுவார்கள், இரவில் இயந்திரம் எங்கே தூங்கும் என்று பல நாள்களுக்கு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு நான் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். ஒரு பொழுதுக்கு ஓர் இடம் மட்டுமே. போகும் வழியையும் அந்தப் பொழுதின் பகுதியாகவே கணக்கிடுவது. எறும்பு வரிசையைப் பார்க்கவும், தேங்கிய மழைநீரில் கல்லைப் போட்டு வளையங்களைக் காணவும் நேரம் இருக்கும்படி வீட்டிலிருந்து புறப்படுகிறோம். உலக சுகாதார அமைப்பு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும் என்றும், அதில் 60 நிமிடங்களாவது ஓட்டமும் துள்ளலுமாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. முதலில் படித்தபோது அது பெரிய அளவாகத் தோன்றியது. ஆனால் அது நாள் முழுவதற்கும் பரந்து கிடக்கும் நேரம். நடந்து போவது, படியேறுவது, மணலைத் தோண்டுவது எல்லாம் அதில் அடங்கும். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லாத ஒரு மாலைப்பொழுதிலேயே அதில் பெரும்பங்கு நிறைவேறிவிடுகிறது.

மற்ற குழந்தைகளோடு பழகுவதைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூங்காவின் மணற்குழியில் ஏறக்குறைய அவள் வயதே உள்ள ஒரு சிறுவனோடு என் மகள் நெடுநேரம் இருந்தாள். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆளுக்கொரு குழி தோண்டினார்கள். ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அந்தச் சிறுவனின் தாய் சங்கடப்பட்டு, "இவன் யாரோடும் சேர மாட்டான், தவறாக நினைக்காதீர்கள்" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் என் மகள் அந்தச் சிறுவனின் சிவப்பு வாளியைப் பற்றியும், அவன் குழி தன் குழியைவிட ஆழமாக இருந்ததைப் பற்றியுமே பேசினாள். ஒன்றாகவே விளையாடினோம் என்பதுதான் அவளுடைய எண்ணம். சிறு குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து 1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் வெளியிட்ட ஆய்வில், இப்படி அருகருகே இருந்துகொண்டு தனித்தனியே ஆடுவதும் விளையாட்டின் ஒரு வகையாகவே கூறப்பட்டிருக்கிறது. ஆகவே "போய்ச் சேர்ந்து விளையாடு" என்று குழந்தையைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். உங்கள் அனுபவம் என்ன?

நான்கு வயது மகனின் தந்தை:

சகோதரி, நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. என் மகன் இன்னும் ஒரு படி பின்னால் நிற்பவன். பூங்காவுக்குப் போனால் சறுக்குமரத்துக்கு எதிரே உள்ள பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் ஏறுவதையும் சறுக்குவதையும் பார்த்தபடியே நிற்பான். அங்கே வரும் பெரியவர்கள் அன்போடு "வா, வா, என்ன பயம்?" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள், அவன் என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். நான் அவர்களிடம் பணிவோடு, "அவன் பார்க்கட்டும், பார்ப்பது அவனுக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்வது வழக்கம். நீங்கள் குறிப்பிட்ட அதே ஆய்வில், ஒதுங்கி நின்று மற்றவர்களின் ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பதும் தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. அவன் சும்மா நிற்கவில்லை என்பது வீட்டுக்கு வந்ததும் தெரியும். யார் வரிசையில் முந்தினார்கள், யார் படுத்துக்கொண்டு சறுக்கினார்கள், எந்தப் பெண் மேலே போய்விட்டு இறங்கப் பயந்தாள் என்பதையெல்லாம் தலையணைகளை அடுக்கி அப்படியே நடித்துக் காட்டுவான்.

அவனை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது இன்னொரு குழந்தைதான். ஒரு சிறுவன் குழாயிலிருந்து சிறு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் மணலில் ஊற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர் உறிஞ்சப்பட்டு மறைய, அவன் திரும்பத் திரும்ப ஓடினான். ஒரு கட்டத்தில், அருகில் நின்ற என் மகனிடம் எந்த முகவுரையும் இல்லாமல் வாளியை நீட்டி, "நீ போ" என்றான். என் மகனும் போனான். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு வேலை, "விளையாடலாமா?" என்னும் அழைப்பைவிடக் கையில் கொடுக்கப்பட்ட வாளி அவனுக்கு எளிதாக இருந்தது. கூச்சமுள்ள குழந்தைகளின் பெற்றோர்கள் இதை முயன்று பார்க்கலாம். சுமப்பது, ஊற்றுவது, அடுக்குவது, இலை பொறுக்குவது என்று இருவர் கைக்கும் ஒரே வேலை இருந்தால், பேச்சு பின்னால் தானாக வருகிறது.

பிறகு அந்தச் சிறுவனையும் அவன் தாயையும் எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். ஒரே ஒரு குழந்தையை மட்டும் அழைத்ததை நான் இன்றும் சரியென்றே நினைக்கிறேன். மூவர் கூடினால் ஒருவர் வெளியே விடப்படுவது இந்த வயதில் அடிக்கடி நிகழ்கிறது. அவர்கள் வருவதற்கு முன் மகனை உட்காரவைத்து, எந்தப் பொம்மையை இன்று யாருக்கும் தர மனமில்லை என்று கேட்டேன். அவன் ஒரு துணிக் கரடியையும் ஒரு ரயில் வண்டியையும் எடுத்துக் கொடுத்தான். இரண்டையும் அலமாரிக்குள் வைத்துவிட்டோம். வெளியே இருந்தவை எல்லாம் பந்து, கட்டைகள், களிமண், சாக்கட்டி, பெரிய அட்டைப் பெட்டி போன்று ஒன்றுக்கு மேற்பட்டவையாகவோ, இருவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தத்தக்கவையாகவோ இருந்தன. அட்டைப் பெட்டிதான் அன்று எல்லாமாக ஆனது. முதலில் வீடு, பிறகு கப்பல், பிறகு இருவரும் உள்ளே உட்கார்ந்து மூடியை மூடிக்கொண்டு சிரிக்கும் இடம். உணவு ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்று முன்கூட்டியே அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டேன். இதைக் கேட்பதில் எவரும் கூச்சப்பட வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில், இருவரும் இன்னும் மகிழ்ச்சியாக இருக்கும்போதே, விடைபெறச் செய்தோம்.

பேரனைக் கவனித்துக்கொள்ளும் பாட்டி:

தம்பி, உங்கள் மகன் பார்த்தபடி நிற்பதை நீங்கள் காத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது. பகல்பொழுதில் என் பேரனை நான்தான் வெளியே அழைத்துச் செல்கிறேன். என் முழங்கால்கள் ஓட இடம் கொடுப்பதில்லை. ஆகவே நான் ஓரிடத்தில் உட்கார, அவன் சென்று சென்று திரும்பும் ஆட்டங்களையே நாங்கள் ஆடுகிறோம். என் உள்ளங்கையைவிடச் சிறிய இலை ஒன்று, பெரிய இலை ஒன்று, ஓட்டை விழுந்தது ஒன்று என்று கேட்பேன். அவன் தேடிக்கொண்டு வருவான். அவன் ஓடுவதைக் கண்டு மற்ற குழந்தைகளும் இலை கொண்டுவந்து என் மடியில் போடுவார்கள். பெயர் தெரியாத பிள்ளைகளோடு அவனுக்கு நட்பு உண்டாவது பெரும்பாலும் இப்படித்தான்.

சறுக்குமரத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சில நாள்களுக்கு முன் ஓர் இளம் தந்தை தம் சின்னஞ்சிறு மகளை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவதற்காக மேலே உட்கார்ந்திருந்தார். பாதுகாப்பு என்று எண்ணித்தான் அவர் அப்படிச் செய்தார். நான் எழுந்து போய், குழந்தையின் செருப்பின் ரப்பர் அடி சறுக்குமரத்தின் ஓரத்தில் பிடித்துக்கொண்டால் கால் அங்கேயே நின்றுவிடும், பெரியவரின் எடையோ கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே போகும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிந்துவிடும் என்று எடுத்துச் சொன்னேன். குழந்தை தனியாகச் சறுக்கினால், கால் சிக்கினாலும் அதன் சொந்த எடை குறைவு என்பதால் பெரும்பாலும் அது நின்றுவிடும். அவர் உடனே இறங்கி, மகளைச் சிறிய சறுக்குமரத்துக்கு அழைத்துச் சென்று, பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டது எனக்கு மிக்க மகிழ்ச்சி அளித்தது. வெயில் நேரத்தில் உலோகச் சறுக்குமரத்தையும் ரப்பர் தரையையும் முதலில் நம் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டே குழந்தையை விட வேண்டும். நீர் உள்ள இடம் என்றால், எவ்வளவு ஆழம் குறைந்ததாக இருந்தாலும், கை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். சிறு குழந்தை மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே கேட்காது.

மழலையர் பள்ளி ஆசிரியை:

எல்லோரும் எழுதியதை ஆர்வத்தோடு படித்தேன். பொம்மைக்கான சண்டையைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. இரு குழந்தைகள் சந்திக்கும் இடத்தில் அது வந்தே தீரும், அதைக் கண்டு பெற்றோர்கள் வெட்கப்படத் தேவையில்லை. பிறர் மனத்தில் தன் மனத்தில் உள்ளதிலிருந்து வேறுபட்ட எண்ணம் இருக்கக்கூடும் என்பதைக் குழந்தை ஏறக்குறைய நான்கு வயதை ஒட்டியே உணரத் தொடங்குகிறது. ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் 1983இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பெயர்பெற்றது. ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான்; அவன் இல்லாதபோது தாய் அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார்; திரும்பி வந்தவன் எங்கே தேடுவான் என்று குழந்தைகளிடம் கேட்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும், தமக்குத் தெரிந்த புதிய இடத்தையே காட்டுகிறார்கள். அந்த வயதுக் குழந்தையிடம் "அவன் மனம் வருந்தும் அல்லவா?" என்று நீண்ட விளக்கம் கொடுப்பதால் சண்டையின் நடுவில் பயன் குறைவு.

அந்த நேரத்தில் நான் செய்வது இதுதான்: இருவரின் உயரத்துக்குத் தாழ்ந்து உட்கார்ந்து, பொருளின் மீது என் கையை வைத்துக்கொண்டு, நடந்ததை மட்டும் சொல்வேன். "உனக்கும் இந்த லாரி வேண்டும், அவளுக்கும் வேண்டும். இப்போது அவள் கையில் இருக்கிறது. அவள் முடித்ததும் உனக்கு." காத்திருக்கும் குழந்தைக்கு முன்னால் ஒரு மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பேன், நேரம் போவதைக் கண்ணால் காண முடிந்தால் அவர்களால் காத்திருக்க முடிகிறது. வியப்பான செய்தி என்னவென்றால், பலமுறை மணல் தீர்வதற்குள் லாரியை வைத்திருந்த குழந்தையே எழுந்து வந்து அதைக் கொடுத்துவிடுகிறது. "பகிர்ந்து கொடு" என்று கையிலிருந்து வாங்கிக் கொடுத்தால் இது நடப்பதில்லை. அடிப்பதும் கடிப்பதும் வேறு. அங்கே சொல்லுக்கு முன் நம் கை போய்த் தடுக்க வேண்டும்.

மூன்றரை வயது மகளின் தாய்:

பாட்டி அம்மா சொன்ன இலை விளையாட்டை நாளையே முயன்று பார்க்கப் போகிறேன். ஆசிரியை அவர்களிடம் ஒரு கேள்வி. புறப்படும் நேரத்தில் என் மகள் தரையில் விழுந்து அழுகிறாள். "இன்னும் ஐந்து நிமிடம்" என்று முன்னறிவிப்புக் கொடுத்தும் பயனில்லை. நல்லபடியாகச் சென்ற மாலையும் அழுகையில் முடிகிறது.

மழலையர் பள்ளி ஆசிரியை:

இந்த வயதில் ஐந்து நிமிடம் என்பது பொருளற்ற ஓசை. எண்ணக்கூடிய செயலாக மாற்றிச் சொல்லுங்கள்: "இன்னும் மூன்று முறை சறுக்கிவிட்டுக் கிளம்புகிறோம்." ஒவ்வொரு முறையும் அவளையே எண்ணச் சொல்லுங்கள். மூன்று என்றால் மூன்றுதான். நான்காவதை ஒருமுறை அனுமதித்தால் அடுத்த முறை அந்த எண்ணுக்கு மதிப்பிராது. உடன் வந்த குழந்தையின் பெற்றோரிடம் முன்பே பேசிவைத்து, இரு குழந்தைகளும் ஒரே நேரத்தில் கிளம்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆடிக்கொண்டிருக்க மற்றவரைப் பிரிப்பதுதான் பெரிய துன்பம். வாயில்வரை செய்வதற்கு அவளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: வாளியைச் சுமப்பது, தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொள்வது, வழியில் உள்ள விளக்குக் கம்பங்களை எண்ணுவது. இவ்வளவுக்குப் பிறகும் அழுதால், அவள் களைத்துவிட்டாள் என்று கொள்ளுங்கள். அதிகம் பேசாமல் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம், அடுத்த முறை அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் பாருங்கள்.