4 ஓம் கார் ஸ்பீக்கர், 8 ஓம் ஆம்ப்: நடுவில் ரெசிஸ்டர் போடலாமா?

மாடிவீட்டான்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். பழைய காரை விற்கும் முன் பின் சீட்டுக்கு மேலே இருந்த ஓவல் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டேன். பிளைவுட் பெட்டி அடித்து வீட்டு ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) மாட்டப் பார்க்கிறேன். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். ஆம்ப் சேனலுக்கு 50 வாட், பின்பக்கம் 8 ஓமுக்குக் குறையக் கூடாது என்று போட்டிருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, போட்டால் கணக்கு சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? அப்புறம், மல்டிமீட்டர் வைத்தால் 3.4 தான் காட்டுகிறது. ஸ்பீக்கர் அவுட்டா?

மைக்செட்காரன்:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. 3.9 ஓம், 10 வாட், வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் என்று கேளுங்கள், கிடைக்கும். 3.4 காட்டுவது கோளாறு இல்லை. ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் கம்பியின் தடையை மட்டும்தான் மீட்டர் அளக்கும். அது எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

ஓம்காரன்:
போடாதீர்கள். 50 வாட் 8 ஓம் என்றால் ஆம்ப் தருவது 20 வோல்ட். நடுவில் 4 ஓம் போட்டால் ஓடுவது 2.5 ஆம்பியர். ஸ்பீக்கருக்கு 25 வாட், ரெசிஸ்டருக்கு 25 வாட். பாதி பாட்டைக் கேட்கிறீர்கள், மீதிப் பாதியில் அடுப்பு எரிக்கிறீர்கள்! அந்த 25 வாட்டுக்கு 10 வாட் ரெசிஸ்டர் எப்படித் தாங்கும்?

மைக்செட்காரன்:
ஆம்பை முழுசாகத் திருகி வைத்துப் பாட்டுக் கேட்கிறவர் யார் சார்? பாட்டில் அந்த உச்சம் கண நேரம்தான் வரும், சராசரி பார்த்தால் சில வாட்தான். பயம் இருந்தால் 8.2 ஓம் 10 வாட் இரண்டை பேரலலில், அதாவது பக்கம் பக்கமாக, போடட்டும். 4.1 ஓம், 20 வாட், சூடும் இரண்டாகப் பிரியும். ரெசிஸ்டரே இல்லாமல் மாட்டினால் 5 ஆம்பியர். அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் நீங்களா வாங்கித் தருவீர்கள்?

வால்வுமாமா:
எனக்கு ஒன்று புரியவில்லை. ஆம்பின் ஓமும் ஸ்பீக்கரின் ஓமும் மேட்ச் ஆனால்தான் முழு பவரும் போய்ச் சேரும் என்று பாலிடெக்னிக்கில் படித்தோமே. என் வால்வு ஆம்பில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்த பழைய வகை) 4, 8, 16 ஓம் என்று தனித்தனி டெர்மினலே இருக்கிறது.

ஓம்காரன்:
மாமா, உங்கள் ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அங்கே மேட்சிங் என்பது உண்மையான வேலை. தம்பியிடம் இருப்பது டிரான்சிஸ்டர் ஆம்ப், அதன் சொந்த இம்பீடன்ஸ் (ஒலி சிக்னலுக்குக் காட்டும் தடை) 0.1 ஓம் பக்கம்தான் இருக்கும். மேட்ச் ஆகட்டும் என்று 0.1 ஓம் ஸ்பீக்கரா மாட்டுவோம்? பின்பக்கம் எழுதியிருப்பது, இதற்குக் கீழே போனால் என்னால் கரண்ட் தர முடியாது என்ற எச்சரிக்கை, அவ்வளவுதான்.

மைக்செட்காரரிடம் ஒன்று கேட்கிறேன். திருவிழாவில் ஊர் முழுக்க ஹாரன் கட்டுகிறீர்களே, ரெசிஸ்டர் போட்டா மேட்ச் செய்கிறீர்கள்?

மைக்செட்காரன்:
இல்லை, 100 வோல்ட் லைன். ஆம்ப் உயர்ந்த வோல்ட்டில் அனுப்பும், ஹாரனுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைத்துக் கொடுக்கும். வாட்டைக் கூட்டிப் பார்த்து ஆம்புக்குள் அடங்கினால் சரி.

ஓம்காரன்:
அதைத்தான் சொல்கிறேன். தொழிலில் செய்யாததைத் தம்பிக்கு ஏன் சொல்கிறீர்கள்?

மைக்செட்காரன்:
தொழிலில் எனக்குக் கூலி உண்டு. தம்பியிடம் இருப்பது ரெண்டு கார் ஸ்பீக்கர்.

ஓம்காரன்:
செலவு மட்டும் இல்லை, ஒலியும் மாறும். 4 ஓம் என்பது பெயருக்குத்தான். ரெசொனன்ஸ் வரும் இடத்தில், அதாவது ஸ்பீக்கர் கோன் இயல்பாகவே அதிரும் 60, 80 ஹெர்ட்ஸ் பக்கம், ஸ்பீக்கர் 25 ஓம்கூடக் காட்டும். அங்கே ரெசிஸ்டர் தின்பது ஒரு டெசிபல் சொச்சம். குரல் வரும் இடத்தில் ஸ்பீக்கர் 4 ஓம் பக்கம்தான், அங்கே 6 டெசிபல். ஆக, பேஸ் மட்டும் ஏறக்குறைய 5 டெசிபல் துருத்திக்கொண்டு நிற்கும். போதாததற்கு டாம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை அதற்கு முன்னால் இருக்கும் தடையால் வகுத்தது) 1 பக்கம் வந்துவிடும்; கோனை நிறுத்த ஆம்புக்குப் பிடிமானமே இருக்காது.

டுவீட்டர் (கீச்சென்ற ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) அதிகமாகக் கத்தினால் ரெசிஸ்டர் போடலாம், அது வேறு கதை. 8 ஓம் டுவீட்டருக்கு சீரியஸில் 4, டுவீட்டருக்குக் குறுக்கே 8. ஒலி 6 டெசிபல் குறையும், ஆம்ப் பார்ப்பது அதே 8 ஓம். அது ஓமை மாற்றாது என்பதால் இங்கே அந்த வித்தை செல்லாது.

மாடிவீட்டான்:
அப்படியானால் நான் என்னதான் செய்ய?

ஓம்காரன்:
அதே மாடல் இன்னொரு ஜோடி பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள். ஒரு பெட்டியில் இரண்டை சீரியஸில் போட்டால் 8 ஓம், வீண் சூடு கிடையாது. பிளஸ் மைனஸ் மாறாமல் இருக்க வேண்டும், மாறினால் பேஸே காணாமல் போகும். அல்லது 4 ஓம் தாங்கும் ஆம்ப் போர்டு ஒன்றைப் பாருங்கள்.

வால்வுமாமா:
மெல்லிசாகக் கேட்கிறவர் நேரடியாக மாட்டினால்தான் என்ன? சத்தம் குறைவு, கரண்டும் குறைவு.

மைக்செட்காரன்:
வீட்டில் பையன் இருக்கிறானா என்று கேளுங்கள் மாமா. வால்யூம் நாப் எப்போது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.

மாடிவீட்டான்:
நேற்று ரெசிஸ்டர் போட்டே மாட்டிவிட்டேன், மன்னிக்கவும் ஓம்காரன் அண்ணே. முதலில் வீட்டில் கிடந்த கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டேன். ஒரு பாட்டு முடிவதற்குள் கருகிவிட்டது. அப்புறம் 3.9 ஓம் 10 வாட். உண்மையைச் சொன்னால் பேஸ் கும்மென்று அருமையாக இருக்கிறது!

ஓம்காரன்:
நான் சொன்ன அந்த 5 டெசிபல் கோளாறைத்தான் அருமை என்கிறீர்கள்.

மைக்செட்காரன்:
கேட்கிறவருக்குப் பிடித்தால் அதற்குப் பெயர் கோளாறு இல்லை சார். தம்பி, ரெசிஸ்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மாடிவீட்டான்:
பெட்டிக்குள்தான் அண்ணே. பஞ்சு அடைத்திருக்கிறேன், ஆடாமல் இருக்க அதற்குள் செருகிவிட்டேன்.

மைக்செட்காரன்:
உடனே ஆஃப் செய்து வெளியே எடுங்கள். கை வைத்தால் கொப்புளம் போடும் சாமான் அது. பெட்டிக்குப் பின்னால், மரத்தைத் தொடாமல், காற்றுப் படும்படி மாட்டுங்கள்.

ஓம்காரன்:
இதில் மட்டும் நானும் அவர் கட்சி. எடுத்துவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள்.

மாடிவீட்டான்:
எடுத்துவிட்டேன். பஞ்சு ஒரு பக்கம் பழுப்பேறி இருக்கிறது.