மார்கழிக் குளிரில் வெந்நீர் ஊற்றினேன், கடைக் கண்ணாடி விரிசல் விட்டது. கனடாவில் மட்டும் எப்படி?

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

வணக்கம். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கடை, அலுவலகக் கண்ணாடிகளைத் துடைக்கும் ஒப்பந்தம் எடுத்து நான்கு ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறேன். என்னோடு இரண்டு பையன்கள், ஒரு பழைய வேன், ஓர் அலுமினிய ஏணி. அவ்வளவுதான் நிறுவனம்.

மச்சானின் நண்பர் ஒருவர் கனடாவிலிருந்து ஒரு காணொலி அனுப்பினார். தரையெல்லாம் உறைபனி. வேனுக்குள் ஒரு சூடேற்றி, அதிலிருந்து நீளமான ஹோஸ், ஹோஸின் மறுமுனையில் மூன்று மாடி உயரக் கம்பு, கம்பின் நுனியில் பிரஷ். ஆவி பறக்கத் தேய்க்கிறார்கள். தேய்த்த பிறகு துணியும் போடவில்லை, ரப்பர் வைப்பரும் போடவில்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்த சன்னலுக்குப் போகிறார்கள். கண்ணாடி பளிங்குபோல் இருக்கிறது.

ஆசை யாரை விட்டது? போன வாரம் ஓசூரில் ஒரு துணிக்கடை வேலை. விடியற்காலை ஐந்தரை மணி. ஓசூர் மார்கழியில் அந்த நேரத்துக்கு விரல் மடங்காது, ஈரத்துணியைப் பிழிந்தால் மணிக்கட்டு வரை வலிக்கும். பக்கத்து டீக்கடையில் சொல்லி ஓர் அண்டா தண்ணீரைக் கொதிக்க வைத்து, மக்கில் மொண்டு கண்ணாடியின் நடுவில் ஊற்றினேன். முதல் மக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மக்குக்கு ‘டிக்’ என்று பல்லி சொல்வதுபோல ஒரு சத்தம். அடிப்பக்க விளிம்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஏறி வளைந்து, மறுபக்கச் சட்டத்தில் போய் முட்டி நின்றது.

எட்டடிக்கு ஐந்தடிக் கண்ணாடி. கூலியோடு 7,800 ரூபாய். கடை முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை, பில்லை மட்டும் என் கையில் கொடுத்தார்.

ஓசூர்க் குளிரிலேயே விரிசல் விடும் கண்ணாடி, தண்ணீர் உறையும் குளிரில் எப்படித் தாங்குகிறது? அவர்கள் கண்ணாடி வேறா, தண்ணீர் வேறா?

பாலக்கோடு தக்காளி எழுதியது:

என் பாட்டி கண்ணாடி டம்ளரில் சூடான காபி ஊற்றுவதற்கு முன் உள்ளே ஒரு ஸ்பூனைப் போடச் சொல்வார். உங்கள் துணிக்கடைக்கு எத்தனை பெரிய ஸ்பூன் தேவைப்பட்டிருக்கும் என்று யோசிக்கிறேன். மன்னிக்கவும், 7,800 ரூபாய் போனவரிடம் இப்படிப் பேசக் கூடாது.

தளி ரோஜாத் தோட்டம் எழுதியது:

தம்பி, அந்தத் தொழிலைக் கனடாவின் கால்கரி நகரத்தில் ஆறு குளிர்காலம் செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது தளி பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறேன். கண்ணாடி துடைத்த காலத்தை மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன், உங்கள் பதிவு கிளறிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காணொலி உங்களை ஏமாற்றிய இடம். ஆவி பறந்ததைப் பார்த்துக் கொதிநீர் என்று நினைத்துவிட்டீர்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரி இருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரே புகை கக்கும். உங்கள் வாயிலிருந்து ஓசூரில் புகை வருகிறதே, வாய்க்குள் என்ன அடுப்பா எரிகிறது? எங்கள் வேனில் டீசல் சூடேற்றியை 55 டிகிரியில் வைப்போம். அங்கிருந்து 100 மீட்டர் ஹோஸ், பனிமேல் கிடக்கும். அதைத் தாண்டிக் கம்புக்குள் ஏறி பிரஷுக்கு வரும்போது, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுகூட இருக்காது. கண்ணாடியைச் சுட வைப்பது அங்கே யாருடைய நோக்கமும் அல்ல. ஹோஸிலும் பிரஷிலும் கண்ணாடியிலும் உறையாமல் தண்ணீர் தரை வரை வந்து சேர வேண்டும், அதற்கு மட்டும்தான் சூடு. அழுக்கு சீக்கிரம் இளகுவது, காகத்தின் எச்சம் சட்டென்று விடுவது எல்லாம் கூடுதல் லாபம்.

இப்போது உங்கள் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி, ஒரே பலகையில் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 40 டிகிரி வேறுபாடு வரை பொறுத்துக்கொள்ளும். சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடி சுமார் 200 வரை தாங்கும். விடியற்காலையில் உங்கள் கண்ணாடி 12, 13 டிகிரியில் இருந்திருக்கும். அண்டாவிலிருந்து மொண்ட தண்ணீர் 85, 90. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நடுப்பகுதி சூடேறி விரியப் பார்க்கிறது. விளிம்பு அலுமினியச் சட்டத்துக்குள், பீடிங் எனும் விளிம்புப் பட்டைக்கு அடியில் குளிர்ந்தே கிடக்கிறது, அதனால் விரிய முடியவில்லை. நடு தள்ளத் தள்ள விளிம்பு இழுபடுகிறது. நசுக்கினால் கண்ணாடி எவ்வளவோ தாங்கும், இழுத்தால் தாங்காது. கண்ணாடி அறுத்தவர் விளிம்பைத் தேய்க்காமல் விட்டிருந்தால், அங்கே அரிசிக் குருணை அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

உடைந்த கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை என்றால் போய்ப் பாருங்கள். கோடு விளிம்பிலிருந்து செங்குத்தாகக் கொஞ்ச தூரம் நேரே போய், பிறகுதான் வளைந்திருக்கும். சூட்டு வேறுபாட்டால் வந்த விரிசலுக்கு அதுதான் அடையாளம். கல் பட்டு உடைந்திருந்தால் பட்ட இடத்திலிருந்து சிலந்திக் கால்போல நாலாபக்கமும் ஓடியிருக்கும். கால்கரியில் வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் முதலில் நாங்கள் பார்ப்பது இந்த ஒரு விரற்கடை தூரத்தைத்தான்.

இன்னொன்றையும் காணொலியில் காட்டியிருக்க மாட்டார்கள். தண்ணீரை நிறுத்தக் கூடாது. கம்பைக் கீழே வைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் இரண்டு வார்த்தை பேசினால் பிரஷின் துளைகள் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் பேசும்போதும் பிரஷை வெந்நீர் வாளிக்குள் முக்கியே வைத்திருப்பேன். என் முதல் குளிர்காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அரை மணி நேரம் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேன் சூடேற்றியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரவில் வண்டி சூடான கொட்டகைக்குள் நிற்க வேண்டும். தண்ணீரின் உப்பை எடுக்க வண்டியில் வைத்திருக்கும் ஆர்.ஓ. வடிகட்டிக்குள் தண்ணீர் ஒருமுறை உறைந்தால் அதன் மென்படலம் கிழிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, கீழே வடியும் தண்ணீர். நடைபாதையில் விழுந்த சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாகிவிடும். வேலையை விட உப்பும் பொடிக்கல்லும் தூவுவதற்குத்தான் அதிக நேரம் போகும். ஒரு வங்கியின் வாசலில் நானே கழுவிய தண்ணீரில் நானே வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. ரோஜாச் செடி கவாத்து செய்யும்போது இன்றும் சொல்லிக் காட்டும்.

மிகக் கடும் குளிரில் வெந்நீரையும் ஏறக்கட்டிவிட்டு வாளிக்கும் வைப்பருக்கும் திரும்பிவிடுவோம். வாளித் தண்ணீரில் ஆல்கஹால் கலந்தால் உறைநிலை கீழே போகும். சிலர் காரின் முன்கண்ணாடிக்கு ஊற்றும் நீல நிறத் திரவத்தைக் கலப்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் மெத்தனால். நம் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே கள்ளச்சாராயச் சாவுதான் நினைவுக்கு வரும். தோல் வழியாகவும் உள்ளே போகும் சரக்கு அது, கையுறை இல்லாமல் தொடமாட்டேன்.

ஒரு சங்கதி சொல்லாமல் விட முடியவில்லை. கால்கரியில் நடுக் குளிர்காலத்தில் ‘சினூக்’ என்று ஒரு காற்று மேற்கே மலைகளைத் தாண்டி இறங்கும். சில மணி நேரத்தில் குளிர் உடைந்து பனி உருகி ஓடும். சாலையில் தூவிய பொடிக்கல்லும் உப்பும் சேறாகி அத்தனை கடைக் கண்ணாடியிலும் தெறித்திருக்கும். அன்றைக்குத் தொலைபேசி ஓயாது. நம் ஊரில் மாங்காய் சீசனில் லாரிக்காரர்கள் ஓடுவதுபோல ஓடுவோம்.

கடைசியாக உங்கள் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன், அதுதான் உங்களுக்குப் பயன்படும். அவர்கள் துடைக்காமல் விட்டுப்போனதற்குக் காரணம் சூடு இல்லை. தண்ணீரில் உப்பே இல்லை. ஆர்.ஓ.வில் வடித்து, மிச்ச உப்பை ரெசின் எனும் உப்பு பிடிக்கும் மணிகளில் எடுத்து, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர் அது. காய்ந்தால் விட்டுச் செல்ல அதில் ஒன்றும் கிடையாது. நம் பாறை மண்ணின் போர்த் தண்ணீர் பல்லில் காவியையும் கண்ணாடியில் வெள்ளையையும் ஏற்றும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பல் காவியால்தான். கண்ணாடி வெள்ளைக்கு யாரும் திட்டம் போடவில்லை. அந்தத் தண்ணீரைச் சுடவைத்து ஊற்றினால் இன்னும் சீக்கிரம் காய்ந்து, இன்னும் அழகாகப் புள்ளி வைக்கும்.

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

அண்ணா, உடைந்த துண்டுகள் வேனுக்குள்தான் கிடந்தன. போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே விளிம்பிலிருந்து ஒரு விரற்கடைக்கு நேர்க்கோடு, பிறகு வளைவு. விளிம்பில் ஒரு சில்லும் பெயர்ந்திருக்கிறது. கண்ணாடி மாட்டியவரிடம் பாதிப் பணம் கேட்கலாமா?

தளி ரோஜாத் தோட்டம் எழுதியது:

கேட்கலாம். சில்லு அவருடையது, கொதிநீர் உங்களுடையது. அவர் அப்படித்தான் சொல்வார், நானும் அப்படித்தான் சொல்வேன்.

மத்தூர் கேன் தண்ணீர் எழுதியது:

குடிதண்ணீர் கேன் போடும் ஆர்.ஓ. ஆலை வைத்திருக்கிறேன், அதனால் இதில் மூக்கை நுழைக்கிறேன். என் ஆலையிலிருந்து வெளியே வரும் தண்ணீரே 40, 50 டி.டி.எஸ். இருக்கும். குடிக்க அது போதும், துடைக்காமல் விடும் கண்ணாடிக்குப் போதாது. ரெசின் உருளை ஒன்று தனியாக வேண்டும். நேரடியாகப் போர்த் தண்ணீரை ரெசினுக்குள் விட்டால் நம் ஊர் உப்புக்குச் சில நாளிலேயே ரெசின் தீர்ந்துபோகும், முதலில் ஆர்.ஓ., பிறகுதான் ரெசின்.

தளி அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஆர்.ஓ. மென்படலம் எவ்வளவு தண்ணீர் வடிக்கும் என்பதை 25 டிகிரித் தண்ணீருக்குத்தான் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் சுமார் 3 சதவீதம் குறையும். மார்கழியில் என் ஆலையிலேயே கேன் நிரம்பத் தாமதமாகும், பையன்கள் மோட்டாரைக் குறை சொல்வார்கள். கால்கரிக் குழாய்த் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

தளி ரோஜாத் தோட்டம் எழுதியது:

பாதிதான் வரும். இரவு முழுக்க ஓடவிட்டுத் தொட்டியை நிரப்புவோம். சரி, அங்கேதான் வெந்நீர் இருக்கிறதே, சூடாக்கி வடிகட்டலாமே என்று கேட்காதீர்கள். மென்படலமும் ரெசினும் சூட்டில் கெட்டுவிடும். வடிகட்டிய பிறகே சூடேற்ற வேண்டும். அதிலும் தொட்டி நிறையச் சூடாக்கி வெதுவெதுப்பாக நாள்கணக்கில் வைத்தால் கிருமி வளரும், ஓடும் தண்ணீரைப் போகிற போக்கில் சூடாக்குவதுதான் முறை.

பாலக்கோடு தக்காளி எழுதியது:

சோதனைக்கு ஆர்.ஓ., ரெசின் எல்லாம் எதற்கு? பேட்டரிக் கடையில் வடிநீர் கேன் கிடைக்கும். மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானில் ஊற்றி அடித்துப் பாருங்கள்.

தளி ரோஜாத் தோட்டம் எழுதியது:

யோசனை நன்று. ஆனால் தெளிப்பான் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை மருந்து ஊற்றியதை எத்தனை தடவை கழுவினாலும் கண்ணாடியில் படலம் படியும், கடைக்குள் வாடையும் வரும். ஓசூர், கிருஷ்ணகிரி சாலையோரக் கடை என்றால் முதலில் தாராளமாகத் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்குங்கள். நம் பக்கத்துத் தூசியில் கிரானைட் பொடி இருக்கும், அதிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கடினமானது. உலர்ந்த துணியால் துடைத்தால் நீங்களே பட்டறை வைத்துக் கீறல் போட்ட மாதிரி. ஏற்கெனவே இறுகிப்போன வெள்ளைப் புள்ளிக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல், கொஞ்ச நேரம் ஊறவிட்டு நன்றாக அலச வேண்டும். கிரானைட் படி, பளிங்குத் தரையில் சிந்தவிடாதீர்கள், பளிங்கு அரித்துவிடும். விடியற்காலையில் விரல் மடங்கவில்லை என்றால் உங்கள் கைக்கு மட்டும் ஒரு வாளி வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர் 1,140. மத்தூர் அண்ணன் கொடுத்த கேன் 46. பேட்டரிக் கடை வடிநீர் 2.

அதே துணிக்கடைக்குத்தான் போனேன், புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்ததும் என் கையைத்தான் பார்த்தார், அண்டா இருக்கிறதா என்று. இல்லை என்று காட்டினேன். மூன்று கண்ணாடிகளைக் கழுவி, மூன்றிலும் கடைசி அலசலை மட்டும் மூன்று விதத் தண்ணீரில் செய்து, துணி போடாமல் விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் டீ குடித்தேன். வெயில் ஏறிய பிறகு பார்த்தால், போர்த் தண்ணீர் அடித்தது அம்மை போட்டதுபோல இருந்தது. கேன் தண்ணீரில் சாய்வாகப் பார்த்தால் மட்டும் மங்கலாகச் சில வளையங்கள்.

மூன்றாவது கண்ணாடியின் முன்னால் முதலாளி வந்து நின்றார். எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைப் படிய வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.