பட்டாவைத் தேடிவரும் பணம்

மன்னார்குடிப் பக்கம் என் தந்தையாருக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை உண்டு. 2019 பிப்ரவரியில், விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பிரதமரின் கிசான் திட்டம் தொடங்கியபோதே சிட்டா நகலையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கொடுத்துப் பதிந்துவிட்டோம். நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000 ரூபாய், ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று பணம் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது. டிஏபி ஒரு மூட்டை 1,350 ரூபாய், யூரியா மூட்டை ஏறக்குறைய 267 ரூபாய் என்பதால், ஒரு தவணையை எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனால் டிஏபி ஒன்றும் யூரியா இரண்டும் வாங்கிக்கொண்டு, மீதியில் ஒரு டீயும் குடித்துவிட்டு வரலாம் என்பது அப்பாவின் கணக்கு.

2022இல் ஆதார் வழியாக அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்றார்கள். ஆதாரில் இருந்த கைபேசி எண் எப்போதோ செயலிழந்துவிட்டதால், கைரேகை வைப்பதற்காக அப்பாவைப் பொதுச் சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். ஐம்பது ஆண்டுகள் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மையத்தில் இருந்த பெண் விரலைத் துடைக்கச் சொன்னார். பிறகு, "தலையில தேச்சுட்டு வைங்க தாத்தா, எண்ணெய்ப் பசை இருந்தா எடுக்கும்" என்றார். அப்பா தலையைத் தடவித் தடவிப் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்துதான் வந்தது. மூன்று நாள் அலைந்தோம். ஆதாரில் என் எண்ணைச் சேர்த்து, அதற்குக் குறுஞ்செய்தியில் வந்த கடவு எண்ணை (ஓடிபி) கொடுத்த பிறகே வேலை முடிந்தது. முகத்தைக் காட்டி உறுதிசெய்யும் வசதி 2023இல்தான் வந்தது; எங்களுக்கு அது ஓராண்டு பிந்திவிட்டது.

●

மேலே எழுதிய நண்பரின் அப்பாவுக்கு விரல்தான் சிக்கல். எனக்கோ பட்டாவே இல்லை. திருவாரூர் மாவட்டத்தில் மூன்று தலைமுறையாகக் கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறோம். உழுவதும் நடுவதும் நாங்களே என்றாலும், நிலம் சாமி பெயரில் இருப்பதால் இந்தத் திட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. தொடக்கத்தில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டுமே என்றிருந்த உதவியைச் சில மாதங்களிலேயே நிலவுடைமையாளர் அனைவருக்கும் விரித்தார்கள். அப்போதும் குத்தகைதாரரைச் சேர்க்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் என் பெயருக்குத் தரும் அடங்கலை, அதாவது பயிர் விவரச் சான்றை, வைத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறேன், பயிர்க் காப்பீடும் செய்கிறேன். இந்த இரண்டுக்கும் விவசாயியாக இருக்கும் நான், 6,000 ரூபாய்க்கு மட்டும் விவசாயி இல்லை.

2020இல் இதே தமிழ்நாட்டில், அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி, தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டியலில் ஏற்றிப் பணம் போனதும், சிபிசிஐடி விசாரித்ததும், பலரிடமிருந்து தொகையைத் திரும்பப் பிடித்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தேன். அருகில் இருந்த பட்டாதாரர், சென்னையில் குடியிருப்பவர், தவணை வந்துவிட்டதா என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விதைநெல்லுக்கு அவரிடம்தான் அன்று 2,000 ரூபாய் கைமாற்று வாங்கினேன்.