பெண்களுக்கு புல்-அப் வராதா?

கேள்வி: ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) நன்றாகப் போடும் பெண்களுக்குக்கூட ஒரு புல்-அப் (கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை உடலை இழுப்பது) வருவதில்லையே, ஏன்? "அது ஆம்பளைங்க பயிற்சி" என்பது சரியா?

பதில் 1: சரியில்லை. சராசரியாகப் பெண்களின் கால் பலம் ஆண்களுடையதில் சுமார் 65–70%. மேலுடல் பலம் 50–60%தான். பருவ வயதில் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தோள், மார்புத் தசைகளை அதிகம் வளர்த்துவிடுகிறது. புல்-அப்பில் மொத்த எடையையும் அந்த மேலுடலே தூக்கணும். ஆனால் பயிற்சியால் கூடும் பலம், விகிதத்தில் பார்த்தால், இருபாலருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பதில் 2: ஒன்றுகூட வராதவங்க இப்படி ஆரம்பிங்க: ஸ்டூல் மேல் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடிச்சுக்குங்க. காலை எடுத்துட்டு 5 நொடி எண்ணி மெல்ல இறங்குங்க. 3–4 முறை, 3 செட் (சுற்று), வாரம் 2 நாள். பலரும் கடைசிப் பாதியில் பொத்தென்று விழுறாங்க. அங்கேதான் பலமே சேரணும்! மேலே இழுக்கும்போது முதலில் தோள்பட்டை கீழிறங்கணும், பிறகுதான் முழங்கை மடங்கணும். இல்லாட்டி பாரமெல்லாம் கைக்கே போகும்.

பதில் 3: ஆண்களுக்கும் ஒன்று. எண்ணிக்கைதான் ஆண்மை என்று காலை உதறி, பாதி உயரத்தில் திரும்புவதைக் கணக்கில் சேர்க்காதீங்க. ஒன்றுகூட வராத ஆணும் இதே ஸ்டூலில்தான் ஆரம்பிக்கணும், அதில் வெட்கமே வேண்டாம்.