மைதானம் இல்லாமல் கோல்ஃப் பழகுவது எப்படி?

கல்லடிக்காரன்:
கட்டாரில் வேலை செய்தபோது பழகிய விளையாட்டு. இப்போது ஊரில், கையில் ஒரு 7 அயர்ன் (பந்தைத் தூர அடிக்கும் இரும்பு மட்டை), ஒரு பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை), 11 பந்து. திருகோணமலை சீனக்குடா கோல்ஃப் மைதானத்துக்கு அடிக்கடி போக வசதியில்லை. அடித்தால் பந்துக்குப் பின்னாலேயே நிலத்தில் இடிக்கிறது. என்ன செய்யலாம்?

அக்கரைப்பற்றான்:
அண்ணே, கடற்கரை இருக்கே! அலை நனைத்த இறுகிய மணலில் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். பந்து வேண்டாம். கோட்டை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து மட்டையை வீசுங்கள். வலக்கைக்காரர் என்றால் மணல் கோட்டின் இடப்பக்கம் கிளம்ப வேண்டும். வலப்பக்கம் கிளம்பினால் பெரும்பாலும் உடற்பாரம் வலக்காலிலேயே நின்றுவிட்டது. விடியவே போங்கள். கரைவலைக்காரர் என்னிடம் “மண்வெட்டி தரவா தம்பி?” என்று கேட்டுவிட்டார்கள்.

வாவிக்கரை:
பட்டருக்குச் சீமெந்துத் தரை போதும். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். அதைவிட ஒடுங்கிய தேநீர்க் கோப்பையை ஆறடி தள்ளி வைத்து உருட்டுங்கள். பிளாஸ்டிக் கோப்பை, வீட்டில் ஏச்சு வாங்காமல்.

கல்லடிக்காரன்:
இன்று போனேன். 20 வீச்சில் 14 தடவை மணல் கிளம்பியது கோட்டுக்கு வலப்பக்கம். சரி, நாளைக்கும் பார்ப்போம்.