பிரேக்கைப் பிடித்திருந்த கை: பழைய ராட்டின நினைவுகள்

நேற்று பழைய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று அகப்பட்டது. ராட்சத ராட்டினத்தின் பெட்டியில் நானும் பாட்டியும். பாட்டியின் முகம் இறுகியிருக்கிறது. என் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றியிருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனம் வேறு எதிலும் நிற்கவில்லை. அதனால்தான் இந்தப் பகிர்வைத் தொடங்கி வைக்கிறேன். புதிய பூங்காக்களின் அதிவேக விளையாட்டுகளைப் பற்றி எழுத வேண்டாம். பழையவற்றைப் பற்றி எழுதுங்கள். குடை ராட்டினம், சங்கிலி ஊஞ்சல், மோதும் கார், மர ரோலர் கோஸ்டர், பேய் வீடு. எதில் ஏறினீர்கள், பக்கத்தில் யார் இருந்தார், காதில் என்ன சத்தம் கேட்டது?

எனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாவது சுற்றில் எங்கள் பெட்டி உச்சியைத் தொட்ட நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் அடங்கிய பிறகுதான் அதுவரை கேட்காத சத்தங்கள் எல்லாம் கேட்டன. பெட்டி தொங்கும் கம்பியின் முனகல், காற்று, எங்கோ கீழே ஒரு குழந்தையின் அழுகை. எட்டிப் பார்த்தேன். ராட்டினத்தை இயக்கியவர் பிரேக்கை இரு கைகளாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து நின்றார். "யாரும் எழுந்திருக்க வேண்டாம், பெட்டியை ஆட்ட வேண்டாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். குரலில் பதற்றமே இல்லை. பிறகு நான்கைந்து பேர் சேர்ந்து சக்கரத்தைக் கையால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார்கள்.

தாத்தா கீழே நின்றிருந்தார். எங்கள் இருவருடைய செருப்புகளும் அவர் கையில் இருந்தன. பாட்டி கூட்டத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் என் மணிக்கட்டைத் தளர்த்தினார்.

ஒன்று மட்டும் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு பெட்டியை இறக்கிய பிறகு அதற்கு அடுத்த பெட்டியைத்தானே இறக்க வேண்டும்? ராட்டினத்தை இயக்கியவரோ எதிர்ப்பக்கத்துப் பெட்டியைக் கீழே கொண்டுவந்தார். அதனால் எங்கள் முறை வர வெகுநேரம் ஆயிற்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

என் நினைவு குடை ராட்டினம்தான். தம்பியும் நானும் எப்போதும் ஒரே சண்டை: வெளிவரிசைக் குதிரையா, உள்வரிசைக் குதிரையா? தட்டு முழுவதும் ஒரே சுற்றாகத்தான் சுற்றுகிறது. ஆனாலும் வெளியே இருக்கும் குதிரை அதே நேரத்தில் பெரிய வட்டத்தைக் கடக்க வேண்டும். அதனால் காற்று அங்கேதான் முகத்தில் அடிக்கும். ஆனால் எங்கள் ராட்டினத்தில் வெளிவரிசைக் குதிரைகள் மேலும் கீழும் ஏறி இறங்காது, நின்ற கோலத்திலேயே இருக்கும். துள்ளுவதெல்லாம் உள்வரிசைதான். வேகம் வேண்டுமா, துள்ளல் வேண்டுமா என்று ஏறும்போதே முடிவு செய்ய வேண்டும். நான் வேகம், அவன் துள்ளல்.

ஒரு நாள் கூட்டமே இல்லை. இயக்குபவர் எங்களை இரண்டாவது முறையும் இறங்காமல் உட்காரச் சொன்னார். அன்றுதான் குதிரையை நிதானமாகத் தடவிப் பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்த பக்கத்தில் பிடரி மயிர் சுருள் சுருளாக, கழுத்தில் செதுக்கிய பூக்கள், சேணத்தில் பதித்த கண்ணாடிக் கற்கள். மறுபக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனால் ஒன்றுமே இல்லை, வழவழவென்று வெறும் மரம். பார்ப்பவர் கண்ணில் படும் பக்கத்தைத்தான் செதுக்குபவர் அலங்கரிப்பார் என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. பிரிட்டனில் இந்த ராட்டினங்கள் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும், அமெரிக்காவில் அதற்கு எதிர்த்திசையில். ஆகவே அந்தந்த நாட்டுக் குதிரைகளுக்கு அலங்காரம் இருக்கும் பக்கமும் மாறிவிடும்.

அந்த வெறும் பக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஏறி உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த பக்கம் அது. அடுத்த முறை போனபோது தம்பியை வெளிவரிசையில் ஏற்றிவிட்டு, அவன் கையைப் பிடித்து அதைத் தொட்டுக் காட்டினேன். இப்போது அவன் வெகுதூரத்தில் இருக்கிறான். இதைப் படித்தால் அவனுக்கு எந்தக் குதிரை என்று தெரியும். இடது காது உடைந்தது.

* * *

முதலில் எழுதிய ஐயாவின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராட்டினம் இயக்கியவர்.

எல்லாம் எடைக் கணக்கு. சக்கரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆட்களை இறக்கிவிட்டால் மறுபக்கம் கனத்துவிடும். கனத்த பக்கம் தானாகவே கீழே வரப் பார்க்கும். மோட்டார் ஓடும்போது ஓரளவு சமாளிக்கலாம். மின்சாரம் போன நிலையில் அந்தப் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல்தான் விழும். அதனால்தான் ஒரு பெட்டி, பிறகு அதற்கு நேர் எதிர்ப்பெட்டி என்று மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஏற்றும்போதும் அப்படித்தான். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தே அப்பா மனத்துக்குள் கூட்டிக்கொள்வார். "நீங்கள் மூவரும் கொஞ்சம் பொறுங்கள், அந்தக் குடும்பம் முதலில் ஏறட்டும்" என்பார். முறை தவறி ஏற்றுகிறார் என்று பலர் கோபித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் பதில் பேசமாட்டார். காரணத்தைச் சொன்னால் ஏறுபவர்கள் பயந்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

காலையில் ஆள் வருவதற்கு முன்பு அவருடன் போவது எனக்குத் திருவிழா. கையில் சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருப்பார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். இறுக்கமாக இருந்தால் கணீர் என்னும், தளர்ந்திருந்தால் மந்தமாகத் தொப்பென்னும். முக்கியமான இடங்களில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் சேர்த்துக் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருப்பார். நட்டு இம்மியளவு திரும்பினாலும் அந்தக் கோடு முறிந்துபோகும். எனக்கு ஐந்து வயதிலேயே முறிந்த கோட்டைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு பெட்டிகள் காலியாக இருக்க, சக்கரத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டு, உள்ளங்கையை இரும்புக் காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பேரிங்கில் க்ரீஸ் காய்ந்திருந்தால் கைக்கே தெரிந்துவிடும் என்பார். என் கையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எனக்கு வெறும் அதிர்வுதான் தெரிந்தது. அவருக்கு அதில் எல்லாமே தெரிந்தது.

அவர் அடிக்கடி சொன்ன கதை, முதல் பெரிய சக்கரத்தின் கதை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் நிறுத்தியது. உயரம் 264 அடி. 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர்வரை. ஒரு பயணத்துக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஆறு முறை நிறுத்தி ஆட்களை ஏற்றி இறக்குவார்கள், இரண்டாவது சுற்று நிற்காமல் ஒன்பது நிமிடம் ஓடும். ஃபெரிஸ் 1896இல், 37 வயதிலேயே இறந்துவிட்டார். சக்கரத்தை 1906இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வரி வரும்போதெல்லாம் அப்பாவின் குரல் தாழ்ந்துவிடும். வியன்னாவில் 1897இல் எழுந்த சக்கரம் இன்னமும் சுற்றுகிறது என்று சொல்லித்தான் கதையை முடிப்பார். அது 1944இல் தீப்பற்றி எரிந்தது. திரும்பக் கட்டியபோது 30 பெட்டிகளுக்குப் பதில் 15 பெட்டிகளை மட்டும் மாட்டினார்கள். "பாதியாகக் குறைத்தாலும் சமமாகக் குறைத்திருக்கிறார்கள், பார்த்தாயா?" என்பார்.

உங்கள் ராட்டினக்காரர் யாரோ தெரியவில்லை. ஆனால் அவர் உங்களைக் காக்க வைத்தது அக்கறையினால்தான்.

* * *

எனக்கு மோதும் கார். காருக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக ஒரு கம்பி, மேலே கூரையில் கம்பி வலை, கீழே இரும்புத் தரை. கம்பியின் நுனி வலையில் உரசும்போது நீலப்பொறி பறக்கும். மின்சாரம் மேலிருந்து வந்து, காரின் மோட்டார் வழியாகத் தரைக்குப் போய்ச் சுற்றை முடிக்கிறது என்று பள்ளியில் மின்சுற்றுப் பாடம் நடத்தியபோது வகுப்பிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் உடனே புரிந்தது. அந்தப் பொறியின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் கார் பின்னோக்கி ஓடும் என்பது எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மூலையில் சிக்கிய மற்றவர்கள் யாராவது வந்து இடித்து விடுவிக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

* * *

சங்கிலி ஊஞ்சலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பதின்மூன்று வயதில் நான் மிகவும் ஒல்லி. ஒரு பக்கத்தில் நல்ல பருமனான சித்தப்பா, மறுபக்கத்தில் ஆளில்லாத நாற்காலி, நடுவில் நான். வேகம் எடுத்ததும் நான் மட்டும் பஞ்சாகப் பறந்துபோய் எல்லோரையும்விட உயரத்தில் இருப்பேன் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. சித்தப்பா, நான், காலி நாற்காலி மூன்றும் ஏறக்குறைய ஒரே சாய்வில் பறந்தன. கீழே இறங்கியதும் சித்தப்பாவைத் துளைத்தெடுத்துவிட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு" என்று ஒதுக்காமல், "தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொல்" என்றார். சாய்வைத் தீர்மானிப்பது சுற்றும் வேகமும் வட்டத்தின் அளவும்தான், எடைக்கு அதில் பங்கில்லை என்று கல்லூரியில் சமன்பாடு எழுதிக் கண்டபோது அவருக்குத்தான் முதலில் கடிதம் போட்டேன். இயற்பியல் ஆசிரியை ஆனதற்கு அந்த ஊஞ்சலும் சித்தப்பாவும்தான் காரணம். ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காலி நாற்காலியில்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

* * *

மர ரோலர் கோஸ்டர். கடைசிப் பெட்டி. அப்பாவுடன்.

சங்கிலி பெட்டிகளை மேலே இழுக்கும்போது அடியிலிருந்து டக் டக் டக் என்று சத்தம் வரும். பயத்தில் அப்பாவின் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தேன். அவர் குனிந்து காதில் சொன்னார்: "சத்தம் வரும்வரை நமக்குப் பயமில்லை. கீழே ஒரு கொக்கி பல் பல்லாக மாட்டிக்கொண்டே வருகிறது. சங்கிலி அறுந்தால்கூட வண்டி பின்னால் உருளாது." அதன்பிறகு அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே போனேன். அறுபது வரை வந்ததும் சத்தம் நின்றது. வானம் மட்டும் தெரிந்தது. முன்பெட்டிகள் சரிவில் இறங்கி எங்களை இழுத்தபோது இருக்கையிலிருந்து உடம்பு எழும்பிவிட்டது. கடைசிப் பெட்டியில் அந்த எழும்பல் கூடுதல் என்பது அடிக்கடி ஏறியவர்களுக்குத் தெரியும்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்து, வண்டி மேலே கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும் முறைக்கு ஜான் மில்லர் என்பவர் 1919இல் காப்புரிமை பெற்றார். அது வந்ததால்தான் செங்குத்தான சரிவுகள் சாத்தியமாயின. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927இல் திறந்த சைக்ளோன் என்ற மர ரோலர் கோஸ்டர் அந்தக் காலத்துப் பிள்ளை. அதற்கு முந்தியவை மெதுவானவை. மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912இலிருந்து ஓடும் மர வண்டியில், பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் நின்றபடியே பிரேக்கை இயக்கிக்கொண்டு போகிறார். ஒருநாள் அதில் ஏற வேண்டும், அந்த ஆளுக்கு அருகிலுள்ள இருக்கையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. மேலே ராட்டினக்காரரின் மகள் எழுதியதைப் படித்ததும் அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது.

* * *

பேய் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே இருட்டில் வண்டி வளைந்து வளைந்து போகும், முடிவே இல்லாத குகைபோல இருக்கும். ஒரு முறை நடுவழியில் கோளாறாகி விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். பார்த்தால் ஒரு கிடங்கு அளவுகூட இல்லை. ஒரே கூடத்துக்குள் தண்டவாளத்தை மடித்து மடித்துப் போட்டிருந்தார்கள். முகத்தில் ஊர்ந்த சிலந்தி வலை, கூரையிலிருந்து தொங்கிய சாதாரண நூல். அக்காவும் நானும் ஏமாற்றமாக உணரவில்லை. அந்த நூலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். இருபது முப்பது நூல்கள், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டா எங்களை மூன்று ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்தார்கள் என்று கட்டியவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

* * *

எல்லாவற்றையும் படித்தேன். சிலவற்றை இரண்டு முறை.

ராட்டினக்காரரின் மகளே, நன்றி அம்மா. நாற்பது ஆண்டுகளாக மனத்தில் கிடந்த கேள்வி. உங்கள் பதிலைப் படித்த பிறகு அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டிக்குப் பின்னால், கீழ் மூலையில், பாதி வெட்டுப்பட்டு ஓர் ஆள் தெரிகிறார். முகம் இல்லை. மடித்துவிட்ட சட்டைக் கையும், பிரேக்கைப் பிடித்திருக்கும் விரல்களும் மட்டும்தான் தெரிகின்றன. இவ்வளவு காலமும் அதைப் படத்தின் குறையாகத்தான் நினைத்திருந்தேன்.

ஒருவழியாக எங்கள் பெட்டி இறங்கியபோது பாட்டி முதலில் தாத்தாவிடம் போகவில்லை. நேராக அவரிடம் போய் இரு கைகளையும் கூப்பினார். அவரால் திரும்பக் கும்பிட முடியவில்லை, பிரேக்கை விட முடியாதே. தலையை மட்டும் அசைத்தார். இன்னும் மூன்று பெட்டிகள் மேலே இருந்தன. அவை இறங்கும்வரை நாங்கள் மூவரும் அங்கேயே நின்றோம். தாத்தா செருப்பைக் கீழே வைக்கவே இல்லை.