மக்களை 'அது' என்று சொல்வதா? 'ஃபோல்க்' என்ற ஜெர்மன் சொல்லோடு பழகிய அனுபவங்கள்

பெர்லினிலிருந்து

ஜெர்மன் படிக்கிற எல்லோரையும் ஏதாவது ஒரு சொல் விடாமல் துரத்தியிருக்கும். எனக்கு அது 'ஃபோல்க்'. மக்கள் என்று பொருள்.

பி1 என்ற இடைநிலை ஜெர்மன் வகுப்பில் தேர்தல் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். 'மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள்' என்பதை மனதில் வைத்து 'டாஸ் ஃபோல்க் வேலன்' என்று எழுதினேன். ஆசிரியை வினைச்சொல்லின் வாலை மட்டும் சிவப்பில் அடித்து 'வேல்ட்' என்று திருத்தினார். எத்தனை கோடிப் பேர் இருந்தாலும் ஃபோல்க் ஒருமைதான். முன்னால் 'டாஸ்' என்ற ஆர்ட்டிக்கிள் (பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் சொல்) வருவதால் நம் கணக்கில் ஒன்றன்பால். அடுத்த வாக்கியத்தில் அவர்களைச் சுட்ட 'எஸ்', அதாவது 'அது'. நம் இலக்கணம் உயர்திணை எது என்று விளக்கும்போதே மக்களைச் சுட்டித்தான் தொடங்குகிறது. அதைப் படித்து வளர்ந்த எனக்கு, மக்களை 'அது' என்று சொல்ல நாக்கு கூசியது. பழக ஒரு மாதம் ஆனது.

அப்புறம் ஒரு நாள் ஜெர்மன் நாடாளுமன்றம் கூடும் ரைஷ்ஸ்டாக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றேன். முகப்பில் 'டேம் டொய்ச்சன் ஃபோல்கெ' என்று பெரிய எழுத்துகள், ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உயரம். எனக்கு இரண்டு சந்தேகம். 'டாஸ்' என்று சொல்லிக் கொடுத்தார்களே, இங்கே ஏன் 'டேம்'? கடைசியில் 'எ' ஒட்டியிருக்கிறதே, அப்படியென்றால் பன்மையா?

மறுநாள் வகுப்பில் கேட்டேன். 'டேம்' என்பது டாட்டிவ், யாருக்கு என்பதைக் காட்டும் வேற்றுமை. ஆண்பாலுக்கும் 'டேம்'தான், ஒன்றன்பாலுக்கும் 'டேம்'தான். அதனால் அந்தக் கல்வெட்டை மட்டும் பார்த்துச் சொல்லின் பாலைக் கண்டுபிடிக்க முடியாது. வால் 'எ' பன்மை இல்லை, டாட்டிவின் பழைய விகுதி. இன்றைய பேச்சில் உதிர்ந்துவிட்டது. 'ட்ஸு ஹௌஸெ' போன்ற சில தொடர்களில் மட்டும் உயிரோடு இருக்கிறது. 'ஜெர்மன் மக்களுக்கு' என்று நான் தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. நம்முடைய 'கு' உருபு, நான்காம் வேற்றுமை, கொடைப் பொருள். அவர்களின் எண்ணிக்கையில் அது மூன்றாம் வேற்றுமை என்பதை மட்டும் தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியை அதோடு நிறுத்தவில்லை. கட்டடம் 1894இல் முடிந்தாலும் எழுத்துகள் ஏறியது 1916இல், முதல் உலகப் போரின் நடுவில். அவற்றை வார்த்துக் கொடுத்தது லோவி என்ற யூதக் குடும்பத்தின் பட்டறை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சிலரைப் பின்னாளில் நாஜிகள் கொன்றார்கள். அவர்கள் கையால் வார்த்த 'ஃபோல்கெ' என்ற சொல்லிலிருந்தே அவர்களை வெளியே தள்ளிவிட்டுக் கொன்றார்கள். இதைச் சொல்லும்போது ஆசிரியையின் குரல் தாழ்ந்தது. பிறகு பலகையில் 'ஃபோல்கிஷ்' என்று எழுதி, அதைக் குறுக்கே அடித்தார். ஃபோல்க்கிலிருந்து வந்த பெயரடைதான், ஆனால் அது நாஜிகளின் இனவாதச் சொல். மக்கள் சார்ந்த என்ற பொருளில் தெரியாமல் போட்டுவிடாதீர்கள்.

முன்பதிவு செய்துகொண்டு அந்தக் கட்டடத்தின் கூரைக்குப் போனால், வடக்கு முற்றத்தைக் கட்டாயம் எட்டிப் பாருங்கள். செடிகொடிக்கு நடுவே வெள்ளை நியான் எழுத்தில் 'டேர் பெஃபோல்கெருங்' என்றிருக்கும். 'டேர்' என்றதும் ஆண்பால் என்று நினைத்தேன். இல்லை. 'உங்' என்று முடியும் இந்த வகைச் சொற்கள் பெண்பால். 'டீ' என்ற ஆர்ட்டிக்கிள் டாட்டிவில் 'டேர்' ஆகிறது. ஆக, இதுவும் 'கு' உருபுதான்: 'இங்கே வாழ்பவர்களுக்கு'. ஹான்ஸ் ஹாக்கெ என்ற கலைஞரின் படைப்பு. குடியுரிமை இல்லாதவர்களும் இந்தச் சொல்லுக்குள் அடக்கம். இதை வைக்கலாமா என்று 2000இல் நாடாளுமன்றமே விவாதித்து ஓட்டெடுத்தது. ஆதரவு 260, எதிர்ப்பு 258. உறுப்பினர்கள் தங்கள் தொகுதியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண்ணில்தான் அந்தச் செடிகள் முளைத்திருக்கின்றன.

அன்றைக்கு என்னிடம் இருந்தது விசா அட்டை மட்டும். கீழே தெரிந்த அந்தச் சொல்லில் நானும் இருக்கிறேன் என்று தோன்றியபோது கண் கலங்கிவிட்டது.

உங்களுக்கு இந்தச் சொல் எங்கே வந்து சேர்ந்தது?

லைப்சிக்கிலிருந்து

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கீழ் வீட்டுப் பாட்டி. 1989 அக்டோபர் 9 அன்று, அப்போது கிழக்கு ஜெர்மனியில் இருந்த இந்த ஊரில், ஆட்சியை எதிர்த்துச் சுமார் 70,000 பேர் வட்டச்சாலையில் ஊர்வலம் போனார்கள். அவரும் போயிருக்கிறார். சுடுவார்களோ என்று பயந்து, பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனாராம். அன்று எழுந்த முழக்கம் 'வீர் ஸிண்ட் டாஸ் ஃபோல்க்'. அதைச் சொல்லும்போது பாட்டி 'டாஸ்' என்ற இடத்தில் மேசையைத் தட்டினார். எதற்கு அந்த அழுத்தம் என்று கேட்டேன். "போலீஸுக்கு ஃபோல்க்ஸ்போலிட்சை என்று பெயர், நாடாளுமன்றத்துக்கு ஃபோல்க்ஸ்கம்மர் என்று பெயர். எல்லாவற்றிலும் எங்கள் பெயர் இருந்தது, நாங்கள் மட்டும் இல்லை. அந்த மக்கள் நாங்கள்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது" என்றார்.

பெர்லின் சுவர் திறந்த பிறகு முழக்கத்தில் ஆர்ட்டிக்கிள் மட்டும் மாறியது: 'வீர் ஸிண்ட் ஐன் ஃபோல்க்', நாம் ஒரே மக்கள். முதலாவது ஆட்சியைப் பார்த்துச் சொன்னது, இரண்டாவது மேற்கு ஜெர்மனியைப் பார்த்துச் சொன்னது. 'டாஸ்', 'ஐன்' வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

2014 முதல் டிரெஸ்டனில் குடியேறிகளுக்கு எதிரான ஊர்வலங்களிலும் இதே முழக்கத்தைப் போட்டார்கள். அதைத் தொலைக்காட்சியில் காட்டினாலே பாட்டி அணைத்துவிடுவார். "எங்கள் வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்கள்" என்பார். எனக்கும் அது வலிக்கிறது.

ஃபிரைபுர்கிலிருந்து

எனக்குச் சந்தையில் கிடைத்தது. தேன் விற்பவர் தன்னிடம் 6 'ஃபோல்கர்' இருப்பதாகச் சொன்னார். ஆறு நாட்டு மக்களா என்று திகைத்தேன். தேனீக் கூட்டமும் ஃபோல்க்தானாம்! பன்மை இப்படித்தான் மனதில் பதிந்தது. பன்மையில் நடுவில் வருவது 'ஓ' இல்லை, 'ö'. உதட்டை 'ஓ'வுக்குக் குவித்துக்கொண்டு உள்ளே 'ஏ' சொன்னால் அந்த உயிரெழுத்து சரியாக வரும். செய்தியில் வரும் 'ஃபோல்கர்ரெஹ்ட்' இதே பன்மைதான், சர்வதேசச் சட்டம்.

டோர்ட்முண்டிலிருந்து

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் ஜேர்மனிக்கு வந்தது 1987இல். டொச் படித்தது வகுப்பில் இல்லை, உணவகத்துக் குசினியில். அங்கே கேட்ட சொற்கள் சட்டி, வெங்காயம், கெதியாகச் செய். ஃபோல்க் அங்கே வராது.

என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். வழக்குப் போட்டோம். பல மாதம் கழித்துத் தீர்ப்பு தபாலில் வந்தது. பிரித்தேன், முதல் பக்கத்தின் மேலே 'இம் நாமன் டெஸ் ஃபோல்கெஸ்'. 'நாமன்' என்றது மட்டும் விளங்கியது, நம்முடைய நாமம்தானே. யாருடைய நாமம் என்று தெரியவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் வீட்டுக்கு ஓடினேன். அவர் "மக்களின் பெயரால்" என்று வாசித்தார். 'டாஸ்' இங்கே 'டெஸ்' ஆகியிருக்கிறது, சொல்லின் வாலில் 'எஸ்' ஏறியிருக்கிறது, நம்முடைய 'இன்' உருபு மாதிரி என்று விரலால் தொட்டுக் காட்டினார். எனக்கு இலக்கணம் கேட்கிற பொறுமை இல்லை. "அண்ணை, இருக்கலாமா, போக வேண்டுமா?" என்று கேட்டேன்.

இருக்கலாம் என்றார்.

ஜேர்மனியில் எல்லாத் தீர்ப்பும் அந்த வரியோடுதான் தொடங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாள் இப்போதும் என் கோப்பில் முதலாவதாக இருக்கிறது. மகள் சின்ன வயதில் ஜெனிடிவ், அதாவது 'யாருடைய' என்று காட்டும் வேற்றுமை, படிக்கும்போது அதைத்தான் எடுத்துக் காட்டினேன்.